பொன்னிற மணியும் கோயிற் பதிவும்

பொன்னிறமாய் ஒளிர்வன யாவும் புஷ்பராகம் அல்ல. திருவாபரணம் சாத்தும் பேறு வேண்டி அன்பர்கள் மனமுவந்து வாங்கும் மஞ்சள் மணிகளுள், வணிகர் சிட்ரின் என வழங்கும் மஞ்சட் பளிங்கும் உண்டு. இரும்பின் கலப்பால் பளிங்கு கொள்ளும் நிறம் அது. ஊதா நிறமுள்ள செவ்வந்திக்கல்லும் அப்பளிங்கினமே. அதனைப் பக்குவமாகச் சுடின் ஊதா மறைந்து மஞ்சள் தோன்றும். இக்காலத்துக் கடைகளிற் கிடைக்கும் சிட்ரினுட் பெரும்பகுதி இங்ஙனம் சுட்டுப் பெற்றதே. இயற்கையில் மஞ்சளாகவே விளைந்தது அரிது.

கண் மயங்கினும் துலாக்கோல் மயங்காது. சிட்ரின் நீரினும் 2.65 மடங்கு கனமுடையது. கனக புஷ்பராகமோ 4 மடங்கு. ஆதலின் ஒரே பருமனுள்ள இரு மணிகளை நிறுத்தால், பின்னது ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு நிற்கும்.

பளிங்கினத்தை மணியாக்கும் தொழில் தமிழகத்துக்குப் புதியதன்று. சென்னிமலைக்கு அணித்தாய் நொய்யற்கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், பச்சைக்கல், நீலம் முதலியவற்றாலான மணிகள் வெளிப்பட்டன. துளையிடாதனவும் மெருகேறாதனவும் உடன் கிடைத்தமையால், அவை அவ்வூரிலேயே செய்யப்பட்டன என்பது தெளிவு. மணிகளின் குணமும் குற்றமும் ஆராயும் கலையும் அத்தகையதே. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிக்கடைத் தெருவைக் கூறுமிடத்து வைரத்தின் குற்றங்களையும் எண்ணிச் சொல்கிறது.

அக்கலை திருக்கோயிற் பணியில் எவ்வளவு நேர்மையுடன் பயன்பட்டது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. முதலாம் இராஜராஜன் தானும், தன் தமக்கை குந்தவைப் பிராட்டியாரும், தேவியரும், பிறரும் அளித்தவற்றைக் கல்லிலே வெட்டுவித்தான். பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகளைத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தனர். முத்து என்று மட்டும் எழுதி அமையவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து, கறடு, இரட்டை, சப்பத்தி எனப் பிரித்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என நீரோட்டமும் குறித்தனர்.

வியப்புக்குரியது இனித்தான். வைரங்களை எண்ணுமிடத்துப் பொறிவும் முறிவும், செம்புள்ளியாகிய இரக்தபிந்துவும், கரும்புள்ளியாகிய காகபிந்துவும் உடையன அவற்றுள் அடங்கும் என வெளிப்படையாகவே பொறித்தனர். அளித்தவன் சோழப் பேரரசன், ஏற்றவர் பெருவுடையார். எனினும் குறையுள்ள கல்லைக் குறையற்றதாக எழுத எவரும் துணியவில்லை. அதனை விலக்கவும் இல்லை. அரசன் கொடையையே இவ்வாறு எழுதிய நாட்டில், மஞ்சட் பளிங்கு மாலை அளிக்கும் ஓர் அன்பர் அதனைப் புஷ்பராகம் எனப் பதிவேட்டில் ஏற்றுவிக்க வேண்டிய தேவை என்ன?

மணி பதித்த அணிகளில் அரக்கும், மாலைகளில் சரடும் பிரிக்கலாகாதபடி சேர்ந்திருந்தன. அவ்விடத்து அவற்றின் எடையையும் மணியின் எடையாகக் காட்டாது, அரக்கும் சரடும் உட்பட நிறை இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி என்றே வெட்டி வைத்தனர்.