இருக்கையின் அகலத்தை வகுத்தவர் யார்?

ஒருவர் அமர்ந்து பயணம் செய்ய எவ்வளவு இடம் வேண்டும்? மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி உட்கார்ந்து போன காலத்தில் இதை யாரும் கேட்கவில்லை. பருத்த உடல் கொண்டவர் ஏறினால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். காலை மடக்க முடியாத முதியவர் ஏறினால் அவருக்குக் கால் நீட்ட இடம் விடுவார்கள். இடம் ஆளுக்கேற்ப விரிந்தது, சுருங்கியது. பயணச்சீட்டு விற்கும் ஊர்திகள் வந்த பிறகுதான் ‘ஓர் ஆள்’ என்பதற்கு ஓர் அளவு தேவைப்பட்டது. அந்த அளவு எப்படிப் பிறந்தது, அதற்குள் அடங்காதவர்கள் என்ன ஆனார்கள் என்பதை விமான இருக்கையைக் கொண்டு ஆராயலாம். ஆனால் கதை வானத்தில் தொடங்கவில்லை. நம் காவிரிப் படுகையில், தரையிலும் கடலிலும் தொடங்குகிறது.

தரையும் கடலும்

நெல் விளையும் தஞ்சையை நாகப்பட்டினம் துறைமுகத்தோடு இணைக்க, கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி இருப்புப் பாதை போட்டது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், 1862-இல் திருச்சிக்கும் ரயில் ஓடியது. அப்போது அது 5 அடி 6 அங்குல அகலப் பாதை. 1875-இல் அதே பாதை மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. செலவைக் குறைப்பதே நோக்கம்.

பாதை குறுகினால் பெட்டியும் குறுகும். பிற்காலத்தில் ஓடிய பெட்டிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அகலப் பாதைப் பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர்; மீட்டர் பாதைப் பெட்டியின் அகலம் சுமார் 2.74 மீட்டர். அதாவது பெட்டிக்கு அரை மீட்டர் குறைவு. ஒருமுறை சிக்கனம் கருதி எடுத்த முடிவு, டெல்டா மக்களின் தோளையும் முழங்காலையும் நூறாண்டுக்கு மேல் இடித்தது. 1992-இல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கிய பிறகே இப்பாதைகள் ஒவ்வொன்றாக மீண்டும் அகலமாயின. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையில் அகல ரயில் ஓடியது 2010-இல்தான்.

கடலிலும் இதே கணக்குதான். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் சென்று வந்தது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணிக்கு இருக்கை கிடையாது. பாயை விரித்த இடமே அவர் இடம். ஓர் ஆளுக்கு இத்தனை சதுர அடி என்று வைத்து, தளத்தின் பரப்பை அதனால் வகுத்தால் கப்பல் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை வந்துவிடும். அந்த வகுத்தல் கணக்கில் மெலிந்தவர், பருத்தவர், நடக்க இயலாதவர் என்ற வேறுபாடு இல்லை.

வானத்தில் ஏற்றம்

1938-இல் டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானங்கள் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை சென்றன. டெல்டாவுக்கு அண்மையில் வான்வழி திறந்தது. வானில் பயணியின் உடல் புதியதொரு பொருளைப் பெற்றது, அது எடையாயிற்று. தொடக்க கால விமான நிறுவனங்கள் பல, பெட்டியோடு பயணியையும் தராசில் நிறுத்தின.

இதன் காரணத்தை நம் ஊர் ஏற்றம் விளக்கும். ஏற்ற மரத்தின் மேல் நடப்பவர் அச்சிலிருந்து விலகிச் செல்லச் செல்ல மரம் அவர் பக்கம் சாய்கிறது. அவர் எடை கூடவில்லை. அச்சிலிருந்து அவர் நிற்கும் தூரம் கூடியது. எடையையும் தூரத்தையும் பெருக்கி வரும் ‘திருப்புத்திறன்’ கூடியதால் மரம் சாய்ந்தது. விமானமும் அப்படித்தான். அதன் ஈர்ப்பு மையம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். வாலின் பக்கம் சுமை மிகுந்தால் மூக்கு உயரும். விமானியின் கட்டுப்பாடு குறையும். எனவே யார் எங்கே அமர்கிறார் என்பது, சிறிய விமானத்தில் உயிர் காக்கும் கேள்வி.

விமானங்கள் பெரிதானதும் ஒவ்வொருவரையும் நிறுப்பது கைவிடப்பட்டது. பலருடைய எடையின் சராசரியைக் கொண்டு கணக்கிட்டார்கள். சராசரி வசதியானதுதான். ஆனால் மக்களின் உடல் மாறும்போது அதுவும் மாற வேண்டும். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரில் 19 பயணிகள் ஏறிய சிறிய விமானம் ஒன்று புறப்பட்டவுடன் விழுந்தது. விமானத்தில் இருந்த 21 பேரும் இறந்தனர். வால் பகுதியின் கட்டுப்பாட்டு அமைப்பு பராமரிப்பின்போது தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதோடு சுமை வால் பக்கம் மிகுந்து, ஈர்ப்பு மையம் எல்லையைத் தாண்டியிருந்தது. கணக்கில் எழுதிய சராசரி எடையைவிட மக்களின் உண்மை எடை அதிகம் என்பது பின்னர் தெரிந்தது. சராசரியை உயர்த்தினார்கள்.

இருக்கைக்கும் ஒரு ‘சராசரி மனிதன்’ உண்டு. 1988-இல் அமெரிக்கா வகுத்த விதிப்படி, விமான இருக்கை புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு விசையைத் தாங்குகிறதா என்று பொம்மையை அமர்த்திச் சோதிக்கிறார்கள். அந்தப் பொம்மையின் எடை 170 பவுண்டு, அதாவது 77 கிலோ.

அகலமோ இன்னும் பழையது. 1958-இல் சேவைக்கு வந்த போயிங் 707 விமானத்தின் உடல் அகலம் 3.76 மீட்டர். அதே அகலத்தை 1968-இல் வந்த 737-க்கும் வைத்தார்கள். அதன் புதிய வகைகள் இன்றும் அதே அகலத்தில்தான் பறக்கின்றன. நடைவழி போக ஆறு இருக்கைகளைப் பொருத்தினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 43 செ.மீ. கிடைக்கும். மீட்டர் பாதையின் கதையே வானத்திலும் நடந்திருக்கிறது. ஒரு தலைமுறை வகுத்த அகலத்தில் அடுத்த தலைமுறைகள் ஒடுங்கி அமர்கின்றன.

பாதுகாப்பும் பழக்கமும்

“பாதுகாப்புக்காக” என்ற சொல்லைப் பயணிகள் அடிக்கடி கேட்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு, பழக்கமும் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

பெரிய விமானத்தில் உள்ள அனைவரும், பாதி வாயில்களை மட்டுமே பயன்படுத்தி, 90 விநாடிக்குள் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் அதற்கு ஒப்புதல் கிடைக்கும். ஆகவே அவசர வாயிலை ஒட்டிய வரிசையில், கதவைத் திறந்து விரைந்து இறங்கக்கூடியவரை அமர்த்துவது நியாயம். நடக்க இயலாதவருக்கு அந்த வரிசையைத் தவிர்த்து வேறு இடம் தருவது அவமதிப்பு ஆகாது. ஆனால் அவர் விமானத்திலேயே ஏறக்கூடாது என்பதற்கு எந்த இயற்பியலும் துணை நிற்காது.

இதற்கு நல்ல சான்று இருக்கையின் கைப்பிடி. சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாற வேண்டியவருக்கு அசையாத கைப்பிடி ஒரு சுவர். அதற்குக் கீல் வைத்தால் சுவர் கதவாகிவிடுகிறது. அமெரிக்காவில் 1986-இல் இயற்றப்பட்ட விமானப் பயண அணுகுரிமைச் சட்டத்தின்கீழ் 1990-இல் விதிகள் வந்தன. 30 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட புதிய விமானங்களில், நடைவழி இருக்கைகளில் பாதிக்காவது தூக்கக்கூடிய கைப்பிடி வேண்டும் என்றார்கள். விமானத்தின் அகலம் ஓர் அங்குலமும் கூடவில்லை. தடை நீங்கியது.

நீதிமன்றம் சொன்னது

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2008-இல் மாற்றுத் திறனாளிகளின் பயணத்துக்கு விதிகள் வகுத்தது. ஆயினும் 2012 பிப்ரவரி 19 அன்று, மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் என்ற உரிமைச் செயற்பாட்டாளர், கொல்கத்தாவில் கோவா செல்லும் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் அமர்ந்த பின் இறக்கிவிடப்பட்டார். மாற்றுத் திறனாளிகள் பற்றிய கருத்தரங்குக்கே அவர் போய்க்கொண்டிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2016 மே 12 அன்று நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மாற்றுத் திறனாளிகள் வேண்டுவது இரக்கம் அன்று, மனித மாண்பு என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

பருத்த உடல் கொண்டவர்களின் நிலை இன்னும் தெளிவடையவில்லை. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. உடற்பருமன் அதில் இல்லை. அமெரிக்காவில், இரு கைப்பிடிகளுக்கும் இடையே அடங்காதவரை இரண்டாவது இருக்கையும் வாங்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. கனடா வேறு வழி கண்டது. 2008-இல் அந்நாட்டின் போக்குவரத்து ஆணையம், உள்நாட்டுப் பயணத்தில் ‘ஓர் ஆளுக்கு ஒரு கட்டணம்’ என்று தீர்ப்பளித்தது. துணையாள் இன்றிப் பயணம் செய்ய இயலாதவர்களுக்கும், உடற்பருமனே இயலாமையாகும் அளவுக்கு உள்ளவர்களுக்கும் கூடுதல் இருக்கைக்குக் கட்டணம் கேட்கக்கூடாது என்பது அதன் சாரம். அந்தச் செலவைத் தனி ஒருவரே சுமக்க வேண்டுமா, எல்லாரும் பகிர வேண்டுமா என்ற கேள்விக்கு அது ஒரு விடை.

நம் பகுதிக்கு இது தொலைவான செய்தி அன்று. ரஜூலாவில் சென்றவர்களின் வழியில் வந்தவர்கள் இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பறக்கிறார்கள். பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் முழங்கால் தேய்ந்த பாட்டிகளும் அவர்களில் உண்டு. தேவையான உதவியை 48 மணி நேரம் முன்னதாகவே நிறுவனத்துக்குத் தெரிவிப்பது நல்லது. மாற்றுத் திறனாளிக்கு அந்த உதவியைக் கட்டணமின்றித் தருவது நிறுவனத்தின் கடமை.

ஈர்ப்பு மையத்தின் எல்லையை இயற்கை வகுத்தது. அதை யாரும் மாற்ற இயலாது. இருக்கையின் அகலத்தையும் கட்டணத்தையும் வகுத்தவர்கள் மனிதர்கள். 1875-இல் குறுக்கிய பாதையைப் பின்னர் நாமே அகலப்படுத்தினோம் அல்லவா?