தோட்டத் தொழிலாளியும் தொழிற்பயிற்சியும்

"வேலை போயிற்று, இனி என் செய்வது?" என்னும் கேள்வி மலாக்காத் தோட்டப்புறங்களுக்குப் புதிதன்று. நூறாண்டுக்குள் அஃது மும்முறை பெருங்குரலாய் எழுந்தது. மும்முறையும் நம்மவர்க்குக் கிடைத்த விடை "வெளியேறு" என்பதே. "வேறு தொழில் கற்றுக்கொள், கற்பிக்கிறோம்" என்று சொல்ல முன்வந்தார் அரியர். அதன் காரணத்தை அறியாமல் இன்றைய இளைஞரின் நிலையை அறிய முடியாது.

மலாயாவில் ரப்பர் வாணிகப் பயிராய் வேரூன்றியது மலாக்கா மண்ணிலேயாம். டான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் அதனை நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் எனத் தோட்டங்கள் பரவின. தமிழ் நாட்டுச் சிற்றூர்கள் லயன் வரிசைகளாய் இங்கே இடம் பெயர்ந்தன.

தோட்டம் தொழிலாளிக்குக் கற்பித்தது யாது? விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவும், உளி கொண்டு பட்டையைச் சீவவும், மங்கில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்து ஸ்டோருக்குச் சுமக்கவும் கற்பித்தது. இதனை எளிய வேலையென்று எண்ணற்க. வெட்டு ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடினால் பால் குறையும். மயிரிழை அளவறிந்த கைத்திறன் அது. ஆயினும் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் அத்திறனுக்குக் காசு மதிப்பில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பதின்மர் இருந்தால் தோட்டத்திற் பள்ளி வைக்கவேண்டுமென விதித்தது. அப்பள்ளிகளால் நம் மொழி பிழைத்தது. அதனை நாம் மறவோம். ஆனால் தொழிற்கல்வி அவற்றின் நோக்கமாய் இருக்கவில்லை. வெட்டுகிறவன் மகனும் வெட்டுவான் என்பதே தோட்டத்தின் கணக்கு.

நிற்க. முதல் அடி 1930இல் விழுந்தது. உலக வாணிக மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தது, கூலி குறைக்கப்பட்டது. 1930 முதல் 1932 வரையில் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பப் பெற்றனர். சரக்குத் தேங்கினால் கிடங்கில் வைத்தனர். மனிதர் தேங்கினால் கப்பலில் ஏற்றினர்!

இரண்டாம் அடி, 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல். வெள்ளையர் விற்ற தோட்டங்கள் சிறு துண்டுகளாயின. பலர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தது அரும்பணி. எனினும் 1969இல் குடியுரிமையற்றார்க்கு வேலை அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளச் சீட்டு வைத்திருந்த பல்லாயிரவர் மீண்டும் கப்பலேறினர்.

மூன்றாம் அடி ஓசையின்றி விழுந்தது. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. அதற்கு வேண்டிய ஆட்கள் குறைவு. 1980களுக்குப் பின் அயல்நாட்டுத் தொழிலாளரும் வந்தனர். சில தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. அதற்கு முன்பே, 1973இல், பத்து பெரண்டாமில் சீமென்ஸ் நிறுவனத்தின் மின்னணுத் தொழிற்சாலை எழுந்திருந்தது. இத்தகைய ஆலைகளின் வாயில் நம்மவர்க்குத் திறந்தேயிருந்தது. ஆனால் பொறியின்முன் அமர்ந்து ஒரே செயலைச் செய்வார்க்கு ஒரு கூலி; அப்பொறி பழுதுற்றால் திருத்துவார்க்கு வேறொரு கூலி. இரண்டுக்கும் இடையே நின்றது பயிற்சி என்னும் ஒரே படி.

அப்படியில் நம்மவர் பலர் ஏறாமைக்குப் பிறரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. கிராணியின் மேசையை உயர்வென்றும், எண்ணெயும் கரியும் படியும் கையை இழிவென்றும் எண்ணும் நோயை நாம் ஊரிலிருந்தே மூட்டை கட்டிக் கொண்டுவந்தோம். கொல்லனுக்கும் தச்சனுக்கும் சாதி வகுத்துத் தொழிலைப் பிறப்போடு பிணைத்த புத்தியல்லவா அது? "நம் தலையெழுத்து" என்று பெற்றோர் பெருமூச்சு விட்டபொழுதெல்லாம் ஒரு பிள்ளையின் தொழில் மாண்டது.

இன்று நிலை வேறு. சமூகக் கல்லூரிகள் 2001 முதல் இந்நாட்டில் நடைபெறுகின்றன. மலாக்காவில் ஜாசின், செலாண்டார், மஸ்ஜித் தானா, புக்கிட் பெருவாங், தங்கா பத்து ஆகிய இடங்களில் அவை உள. முறையான சான்றிதழ்ப் படிப்பேயன்றி, தேர்வுத் தகுதி கேளாத குறுங்காலப் பயிற்சிகளும் அங்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்பெறும் மலேசியத் திறன் சான்றிதழை, வகுப்பில் உட்காராமல், பல்லாண்டு செய்த வேலையின் ஆதாரங்களைக் காட்டியும் பெறலாம். ஸ்டோர் எந்திரத்தோடு இருபதாண்டு மல்லாடியவருக்கு இது பெரும் வாய்ப்பன்றோ?

2018 முதல் வேலைக் காப்புறுதித் திட்டமும் செயற்படுகிறது. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் நூற்றுக்கு 0.2 வீதம் கட்டுகின்றனர். ஆட்குறைப்பால் வேலையிழந்தவர் 60 நாட்களுக்குள் பெர்கேசோவிடம் விண்ணப்பித்தால், வேலை தேடுங்கால் உதவித்தொகையும் பயிற்சிக் கட்டணமும் பெற வழியுண்டு. தாமே வேலையை விட்டவர்க்கு இது கிட்டாது. ஆகவே, முதலாளி நீட்டும் தாளில் "விலகுகிறேன்" என்று எழுதியிருப்பின், படித்தறியாமல் கையொப்பமிடுவது தன் உரிமையைத் தானே வெட்டுவதாகும்.

அன்பர்களே! நம் பாட்டனாருக்கு இவ்வழி எதுவும் இருந்ததில்லை. கப்பல் ஒன்றே இருந்தது. இன்று வழியிருந்தும் அறியாமையால் அறுபது நாட்களை இழப்போமாயின், நான்காம் அடி நாமே நமக்கு அடித்துக்கொள்வதாகும். தோட்டத்துச் சங்கங்களும் நகரத்து வாசகசாலைகளும் திருவிழாக் கணக்குக்கு நடுவே இந்தச் சட்டத்தையும் ஒருமுறை உரக்கப் படிக்கட்டும். மயிரிழை அளவறிந்து பட்டை சீவிய கைகளின் பேரப்பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், மின்கம்பியையும் பொறியையும் ஆளமாட்டார் என்று எவர் சொல்வார்?