பெருந்தமனியில் ஸ்டென்ட் வெச்சாச்சு... அப்புறமும் ஸ்கேன் எதுக்கு?

2024 செப்டம்பர் 30 அன்று நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். அவருக்குப் பெருந்தமனியில் இருந்த வீக்கம், அறுவை சிகிச்சை இல்லாமல் ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்யப்பட்டதாக மருத்துவமனை அறிவித்தது.

இதே சிகிச்சையை வயிற்றுப் பகுதிப் பெருந்தமனிக்கும் செய்கிறார்கள். தேனி, கம்பம் பக்கமிருந்து வெளியூர் போய் இதைச் செய்துகொண்டு திரும்பியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஸ்டென்ட் வைத்ததோடு வேலை முடிவதில்லை.

என்ன சிக்கல் வரலாம்?

வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் அகலம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ.யைத் தாண்டினால் வீக்கம். தொடை ரத்தக்குழாய் வழியாக, துணி உறை போர்த்திய ஸ்டென்ட்டை உள்ளே பொருத்துவார்கள். வீக்கம் அப்படியே இருக்கும். ரத்தம் மட்டும் ஸ்டென்ட்டுக்குள் ஓடும்.

சிலருக்கு ரத்தம் மறுபடி வீக்கத்துக்குள் கசியும். இதற்குப் பெயர் 'எண்டோலீக்'. ஸ்டென்ட்டின் முனையிலோ இணைப்பிலோ கசிந்தால் ஆபத்து; வீக்கம் வெடிக்கலாம். கிளைக் குழாய்களிலிருந்து பின்னோக்கி வரும் கசிவுதான் அதிகம். அது பலருக்குத் தானாகவே நின்றுவிடும்.

மறுபடி வயிற்றைக் கிழிக்கணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. முனையில் கசிந்தால் பலூனால் விரித்து ஒட்ட வைப்பார்கள், அல்லது இன்னொரு சிறு ஸ்டென்ட் சேர்ப்பார்கள். கிளைக் குழாய்க் கசிவால் வீக்கம் பெரிதானால், மெல்லிய குழாய் வழியாக உலோகச் சுருளோ மருத்துவப் பசையோ செலுத்தி அடைப்பார்கள். இவை பலன் தராதவர்களுக்கே திறந்த அறுவை சிகிச்சை.

"வலியே இல்லையே, எதுக்கு ஸ்கேன்?"

கசிவு பெரும்பாலும் வலிக்காது, ஸ்கேனில்தான் தெரியும். வழக்கமாக முதல் மாதத்திலும் ஓராண்டிலும் சி.டி. ஸ்கேன், பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை. சிலருக்கு அல்ட்ராசவுண்டே போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கம்பத்திலிருந்து மதுரை 100 கி.மீ.க்கு மேல். அலைச்சலை நினைத்துத் தள்ளிப்போடாமல், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதிக்க முடியுமா எனக் கேளுங்கள். ஸ்டென்ட் விவரச் சீட்டு, பழைய ஸ்கேன் படங்கள் கையில் இருக்கட்டும். வீக்கம் வளர்ந்ததா என்பது ஒப்பிட்டால்தான் புரியும்.

எப்போது அவசரம்?

திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, மயக்கம், கால் சில்லிட்டு மரத்துப்போவது: உடனே 108. விடாத காய்ச்சல் என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டென்ட்டில் தொற்று இருக்கலாம். பீடி, சிகரெட்டை அடியோடு விடுங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.