மயிலாணுக்குச் சேவற்பெயர் இல்லாதது ஏன்?

நம் ஜொகூர்த் தோட்டப்புறங்களில் கோழி வளர்த்தோர்க்குச் சேவல், பெட்டை என்னும் இரு சொற்களே போதுமானவை. தொல்காப்பிய மரபியலோ இன்னும் நுணுகிப் பகுக்கிறது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்பன பெயர். அவற்றில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. அளகு என்னும் பெண்பெயர் கோழிக்கும் கூகைக்கும் மயிலுக்குமே உரியது. சேவல் என்பது சிறகுடைய எல்லாவற்றின் ஆணுக்கும் பொருந்தும். மயில் ஒன்றே விலக்கு.

விலக்கு ஏன்? தோகையுடைமையால் ஆண்மயில் பெண்பாற் சாயல் பெற்றது என்பது பேராசிரியர் உரையின் கருத்து. அழகு பெண்மைக்கே உரியது என்னும் மாந்தர் எண்ணத்தை அவர் பறவைமேல் ஏற்றினார் என்றே நாம் கருதுகிறோம். சொல்வழக்குக்கு அது காரணமாகலாம், தோகைக்கு ஆகாது.

1780இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், பலமுறை குஞ்சு பொரித்த பெண்மயில் ஒன்று முதுமையில் ஆண்மயிலின் தோகை பெற்ற செய்தியை அரசக் கழக இதழில் வெளியிட்டார். காரணம் பிற்காலத்தில் விளங்கியது. பெண்பறவைக்குப் பொதுவாக இடப்புறச் சூலகம் ஒன்றே வளர்கிறது. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் மயிலினத்தில் பெட்டைக்கு எளிய இறகைத் தருகிறது. சூலகம் நலிந்தால் தோகை முளைக்கிறது. தோகை, பெண்மையின் சாயல் அன்று. பெண்மையின் இயக்குநீர் இல்லாத இடத்தில் வளர்வது. உரையாசிரியர் கூற்று இங்கே தலைகீழாகிறது.

முட்டைக்குள் நிகழ்வதும் அறியத்தக்கது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. கோழிக்கருவில் முதல் ஆறு நாள் அளவும் பாலுறுப்பின் முளை இருபாலிலும் ஒன்றுபோலவே காணப்படும். பின்னர், இசட்டில் உள்ள டிஎம்ஆர்டி1 மரபணு இரட்டை அளவில் இருந்தால் விந்தகம் உருவாகிறது. 2009இல் ஆய்வாளர் அதன் செயலைக் குறைத்தபோது ஆண்கருவின் விந்தகம் சூலகத்தன்மை காட்டியது. பெண்கருவிலோ அரோமட்டேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோஜனை ஆக்கிச் சூலகத்தை வளர்க்கிறது. ஆயினும் இயக்குநீரே முழு முதல் அன்று. ஒருபுறம் சேவலாகவும் மறுபுறம் பெட்டையாகவும் விளங்கிய கோழிகளை ஆராய்ந்த எடின்பரோ அறிஞர்கள், ஒவ்வோர் உயிரணுவும் தன் பாலைத் தானே பெரிதும் தாங்கியிருப்பதை 2010இல் காட்டினர்.

பார்ப்பு என்னும் பால்பகாச் சொல்லைக் கொண்டு, தொல்காப்பியர் கருவியலை முன்னரே அறிந்தார் என்று கூற நாம் உடன்படோம். கண்ணுக்குப் புலப்படாத வேறுபாட்டுக்குப் பெயர் வையாமை நேர்மையான மொழிவழக்கு, அவ்வளவே. 1920களில் ஜப்பானிய அறிஞர் மசுய் கியோஷியும் துணைவரும் கழிவாயை நோக்கிப் பாலறியும் முறையை வகுக்கும்வரை, ஒருநாட் குஞ்சுகளுள் பெரும்பாலானவை பண்ணையாளர்க்கும் வெறும் குஞ்சுகளாகவே இருந்தன.