'குழந்தை வேண்டாம்' என்று சொல்லி வந்த கதை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ். மூளை, தண்டுவட நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை நம் எதிர்ப்புசக்தியே தாக்கி அரிக்கும் நோய். ஒயர் மேல இருக்கிற இன்சுலேஷன் உரிஞ்சு போற மாதிரின்னு வச்சுக்கலாம். பாரிஸில் ஷார்கோ 1868-இல் இதைத் தனி நோயாக விவரித்தார். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள். அதாவது, பிள்ளை பெறும் வயதில்.

20-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் இந்தப் பெண்களுக்கு மருத்துவர்கள் பலர் சொன்னது, கருத்தரிக்காதீங்க. கலைத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. பிரசவமாகிச் சில வாரங்களில் கை கால் விழுந்துபோன பெண்களை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள், அது பொய்யில்லை. ஆனா நல்லா இருக்கிறவங்க எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரப்போறாங்க? எங்க தொழில்லயும் அப்படித்தான், கிராஷ் ஆனவன் மட்டும்தான் புகார் அனுப்புவான். 1950 வாக்கிலேயே சிலர் இந்த அறிவுரையை மறுத்து எழுதினார்கள். ஆனால் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எழுதியதை வைத்து முடிவாக எதுவும் சொல்ல முடியவில்லை.

பிரான்ஸில் லியோன் நகரத்து நரம்பியல் மருத்துவர் கோன்ஃபவ்ரே குழுவினர் செய்தது வேறு. 1993 முதல் 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைச் சேர்த்து, அவர்களின் 269 கர்ப்பங்களை நடக்க நடக்கவே பதிவு செய்தார்கள். முடிவு 1998-இல் வெளிவந்தது. கருத்தரிப்பதற்கு முந்தைய ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.7 தாக்குகள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அந்த வேகம் ஆண்டுக்கு 0.2. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் 1.2. பிறகு பழையபடி 0.7-க்கே திரும்பிவிட்டது.

ஆக, பழைய மருத்துவர்கள் பார்த்தது அந்த 1.2-ஐ மட்டும். அதற்கு முன்னால் இருந்த 0.2 அவர்கள் கண்ணில் படவே இல்லை! ஊனம் வேகமெடுக்கவில்லை. தாய்ப்பால் கொடுப்பதாலோ, முதுகில் போடும் எபிடியூரல் ஊசியாலோ கெடுதல் தெரியவில்லை. பின்னாளில் பார்த்ததில், பிரசவத்துக்குப் பிறகான மூன்று மாதங்களில் 72 சதவீதம் பேருக்குத் தாக்கே வரவில்லை.

பயந்து குழந்தை பெறாமலே இருந்துவிட்ட பெண்களுக்கு 1998 ரொம்பத் தாமதம்.

வயிற்றுப் பிள்ளையில் பாதி அப்பாவுடையது, அந்நியம். அதை விரட்டாமலிருக்க எதிர்ப்புசக்தி தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது, அதில்தான் எம்.எஸ்.ஸும் அடங்குகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இந்த அடக்கத்துக்கும் எல்லை உண்டு. நாடலிசுமாப் மருந்தைக் கருத்தரிப்பதற்காக நிறுத்தும் சிலருக்குக் கர்ப்பத்திலேயே கடுமையான தாக்கு வருகிறது. அதனால் இப்போது பேச்சு, எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்பதைப் பற்றித்தான்.