ரிஷார் கஸ்கே: தொடக்ககால ஆட்ட வாழ்க்கை

ரிஷார் கஸ்கே (பிறப்பு: ஜூன் 18, 1986) பிரான்சு நாட்டைச் சேர்ந்த முன்னாள் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர் ஆவார். வலக்கை ஆட்டக்காரரான இவர் ஒற்றைக் கையால் அடிக்கும் பின்கை வீச்சுக்குப் பெயர் பெற்றவர். 2005 ஏப்ரலில், தமது 18ஆம் வயதில், அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த ரொஜர் ஃபெடரரை மான்டி கார்லோவில் வீழ்த்தியதன் மூலம் உலகக் கவனத்தை ஈர்த்தார். 2007 ஜூலையில் தரவரிசையில் 7ஆம் இடத்தைப் பெற்றார். அதுவே இவர் எட்டிய மிக உயர்ந்த இடமாகும். இக்கட்டுரை சிறுவயது முதல் 2007 வரையிலான இவரது ஆட்ட வாழ்க்கையைப் பற்றியது.

ஆங்கில வழியாக இவரது முதற்பெயரை ரிச்சர்ட் என எழுதுவதும் உண்டு. பிரெஞ்சு மொழியில் இவரது இரு பெயர்களின் இறுதி மெய்களும் ஒலிக்கப்படுவதில்லை.

இளமை

கஸ்கே தென் பிரான்சில் எரோ மாவட்டத்திலுள்ள பெசியே நகரில் பிறந்தார். பெற்றோர் இருவருமே டென்னிஸ் கற்றுக்கொடுப்பவர்கள். தந்தையே முதல் பயிற்சியாளர். மிகச் சிறிய வயதிலேயே மட்டை பிடிக்கத் தொடங்கிய கஸ்கே, வீட்டிற்கும் ஆடுகளத்திற்கும் பெரிய வேறுபாடில்லாத சூழலில் வளர்ந்தார் எனலாம்.

1996 பெப்ரவரியில் பிரான்சின் 'டென்னிஸ் மகசீன்' இதழ் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த இவரது படத்தை முகப்பில் வெளியிட்டு, பிரான்சு காத்திருக்கும் வெற்றி வீரர் இவர்தானோ என்ற பொருள்படத் தலைப்பிட்டிருந்தது. இக்கேள்வி எழுந்ததற்குப் பின்னணி உண்டு. பிரெஞ்சு ஆடவர் ஒருவர் கடைசியாகக் கிராண்ட் சிலாம் ஒற்றையர் பட்டம் வென்றது 1983இல். அவ்வாண்டு யானிக் நோவா பிரெஞ்சு ஓப்பனில் வாகை சூடினார். நான்கு கிராண்ட் சிலாம் போட்டிகளுள் ஒன்றை ஆண்டுதோறும் தன் தலைநகரிலேயே நடத்தும் நாட்டிற்கு அந்த வறட்சி எளிதில் மறக்கக்கூடியதாக இல்லை. அதன் சுமையில் ஒரு பங்கு, இன்னும் தொடக்கப் பள்ளியைக் கூடத் தாண்டாத ஒரு சிறுவனின் தோளில் ஏற்றப்பட்டது. கஸ்கேயைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்டவற்றுள் இம்முகப்புப் படத்தைக் குறிப்பிடாதவை குறைவு.

இளையோர் போட்டிகள்

பிரான்சின் தார்ப் நகரில் நடைபெறும் 'லே பெத்தி ஸாஸ்' 14 வயதுக்குட்பட்டோருக்கான புகழ்பெற்ற போட்டியாகும். 1999இல் இதனைக் கஸ்கே வென்றார். அப்போட்டியில் இவரிடம் தோற்றவர்களுள் எசுப்பானியாவின் ரஃபயெல் நடாலும் ஒருவர். நடால் பிறந்தது 1986 ஜூன் 3. கஸ்கேயை விடப் பதினைந்து நாள் மூத்தவர். ஆனால் தொழில்முறைச் சுற்றான ஏ.டி.பி. போட்டிகளில் இருவரும் 18 முறை மோதியபோது 18 முறையும் நடாலே வென்றார் என்பதை இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2002இல் கஸ்கே இளையோர் பிரிவில் பிரெஞ்சு ஓப்பன், யூ.எஸ். ஓப்பன் ஆகிய இரு ஒற்றையர் பட்டங்களையும் பெற்றார். யூ.எஸ். ஓப்பன் இறுதியாட்டத்தில் இவர் வென்றது சைப்பிரசின் மார்க்கோஸ் பக்தாத்திசை. பக்தாத்திஸ் நான்கு ஆண்டுகள் கழித்து ஆத்திரேலிய ஓப்பன் ஆடவர் இறுதியாட்டம் வரை சென்றார். அவ்வாண்டின் உலக இளையோர் வாகையாளர் என்ற சிறப்பும் கஸ்கேக்குக் கிடைத்தது.

தொழில்முறை ஆட்டத்தில் நுழைவு (2002 - 2004)

இளையோர் போட்டிகளில் ஆடிய அதே 2002ஆம் ஆண்டிலேயே இவர் பெரியவர்களுடனும் மோதத் தொடங்கினார். கிராண்ட் சிலாம் போட்டிகளுக்கு அடுத்த நிலையில் மாஸ்டர்ஸ் சீரிஸ் என்ற ஒன்பது போட்டிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றான மான்டி கார்லோ போட்டியில் தகுதிச் சுற்றுகளைக் கடந்து முதன்மைச் சுற்றுக்குள் வந்து, அர்கெந்தீனாவின் பிராங்கோ ஸ்குவிலாரியைத் தோற்கடித்தார். அப்போது இவருக்கு வயது 15 ஆண்டும் 10 மாதமும். அடுத்த சுற்றில் ருசியாவின் மராத் சாஃபினிடம் தோற்றார். சில வாரங்களுக்குப் பின் பிரெஞ்சு ஓப்பனில் சிறப்பு அனுமதி பெற்று ஆடி, முதற்சுற்றில் ஆல்பெர்ட் கோஸ்தாவிடம் ஒரு செட்டைக் கைப்பற்றியபின் தோல்வியுற்றார். அவ்வாண்டு பட்டத்தை வென்றவர் அதே கோஸ்தாதான்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. தரவரிசையில் முதல் 100 இடங்களின் எல்லையை ஒட்டியே இவர் நின்றார். 2004இல் மெட்ஸ் நகரப் போட்டியில் முதன்முறையாக ஒரு ஏ.டி.பி. இறுதியாட்டத்தை எட்டினார்; அதில் சக நாட்டவரான ஜெரோம் ஏனெல் வென்றார். இக்காலத்தில் கிடைத்த பெரிய மகிழ்ச்சி 2004 பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டமே. தாத்தியானா கொலோவினுடன் இணைந்து ஆடிய கஸ்கே, இறுதியாட்டத்தில் சிம்பாப்வேயின் உடன்பிறந்தோரான காரா பிளாக், வெய்ன் பிளாக் இணையை 6-3, 6-4 என வென்றார். அன்று கொலோவினுக்கு வயது 16. கஸ்கேக்குப் 18 நிறையவில்லை.

மான்டி கார்லோ 2005

2005 ஏப்ரலில் மீண்டும் மான்டி கார்லோவுக்கு வந்தபோது கஸ்கேயின் தரவரிசை 101. மூன்றாண்டுகளுக்கு முன்பு போலவே தகுதிச் சுற்றுகளின் வழியாகவே உள்ளே வந்தார். காலிறுதியில் எதிர்நின்ற ஃபெடரர் தொடர்ந்து 25 ஆட்டங்களில் வென்றிருந்தார். முதல் செட்டை டை-பிரேக்கில் இழந்த கஸ்கே இரண்டாவதை எளிதாக எடுத்தார். மூன்றாம் செட்டும் டை-பிரேக்குக்குச் சென்றது. ஃபெடரருக்கு ஆட்டத்தை முடிக்க மூன்று வாய்ப்புகள் கிடைத்தும் மூன்றையும் கஸ்கே முறியடித்தார். பின்னர் ஓடிச்சென்று கோட்டை ஒட்டி அடித்த பின்கை வீச்சால் ஆட்டத்தைத் தம்வசமாக்கினார். ஆட்டப் புள்ளிகள்: 6-7(1), 6-2, 7-6(8). 2005ஆம் ஆண்டு முழுவதிலும் ஃபெடரர் 81 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்றார் என்பதைக் கொண்டு இவ்வெற்றியின் அருமையை உணரலாம்.

அரையிறுதியில் நடால் காத்திருந்தார். இருவருக்கும் வயது 18. முதல் செட்டைக் கஸ்கே வென்றாலும், நடால் 6-7(6), 6-4, 6-3 என்ற கணக்கில் முந்தினார். நடால் பின்னர் அப்பட்டத்தையும் வென்றார். மான்டி கார்லோவில் அவர் பெற்ற 11 பட்டங்களுள் அது முதலாவது.

அடுத்த மாதம் ஆம்பர்க் மாஸ்டர்ஸ் போட்டியில் கஸ்கே இறுதியாட்டம் வரை சென்றார். இம்முறை ஃபெடரர் 6-3, 7-5, 7-6(4) எனப் பழி தீர்த்துக்கொண்டார். பிரெஞ்சு ஓப்பன் மூன்றாம் சுற்றில் மீண்டும் நடாலுடன் மோத நேர்ந்தது. நாட்டு மக்கள் பெரிதும் எதிர்பார்த்திருந்த அவ்வாட்டத்தில் கஸ்கே ஒரு செட்டைக் கூட வெல்லவில்லை. ஒரே வயதினரான இருவரின் பாதைகளும் பிரிந்த இடம் இதுவே எனக் கருதலாம். நடால் தாம் முதன்முதலாக ஆடிய அந்தப் பிரெஞ்சு ஓப்பனிலேயே பட்டம் வென்றார்.

முதல் பட்டங்கள்

களிமண் தரையில் வளர்ந்த கஸ்கேக்கு முதல் ஏ.டி.பி. ஒற்றையர் பட்டம் புல்தரையில் கிடைத்தது. 2005 ஜூனில் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பெலருசின் மாக்ஸ் மிர்னியை இறுதியாட்டத்தில் வென்றார். விம்பிள்டனிலும் யூ.எஸ். ஓப்பனிலும் நான்காம் சுற்று வரை முன்னேறி, அவ்வாண்டை 16ஆம் இடத்தில் முடித்தார். 2006இல் நாட்டிங்காம், கிஸ்டாட், லியோன் ஆகிய மூன்று நகரங்களில் பட்டம் பெற்றார். டொராண்டோ மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்தில் ஃபெடரரிடம் முதல் செட்டைக் கைப்பற்றியும் பின் தோற்றார். 2007 இலையுதிர் காலத்தில் இந்தியாவின் மும்பைப் போட்டியிலும் வென்றார்.

விம்பிள்டன் 2007

12ஆம் நிலை ஆட்டக்காரராகக் களமிறங்கிய கஸ்கே, காலிறுதியில் மூன்றாம் நிலையிலிருந்த அமெரிக்காவின் ஆண்டி ரோடிக்கைச் சந்தித்தார். ரோடிக்கின் சர்வீஸ் அக்காலத்தில் உலகின் அதிவேக சர்வீஸ்களுள் ஒன்று. முதல் இரண்டு செட்களையும் 4-6, 4-6 என இழந்து, மூன்றாவதிலும் பின்தங்கியிருந்த கஸ்கே, அங்கிருந்து மீண்டு 7-6, 7-6, 8-6 என வென்றார். மழையால் ஆட்டங்கள் தள்ளிப்போன அவ்வாண்டில், ஐந்து செட் ஆடிய களைப்போடு மறுநாளே அரையிறுதியில் ஃபெடரரை எதிர்கொண்டு நேர் செட்களில் தோற்றார். 2007 ஜூலை 9 அன்று வெளியான தரவரிசையில் 7ஆம் இடம் இவருடையது. ஆண்டிறுதியில் எட்டுப் பேர் மட்டுமே ஆடும் மாஸ்டர்ஸ் கோப்பைக்கும் தகுதி பெற்று, சாங்காயில் செர்பியாவின் நோவாக் ஜோகோவிச்சை வென்றார்.

ஆட்ட முறை

கஸ்கேயின் பின்கை வீச்சு அவர் தலைமுறையின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது. மட்டையைத் தலைக்கு மேல் உயர்த்தி, பெரிய வட்டமாகச் சுழற்றி அடிப்பது இவரது வழக்கம். அவ்வளவு பெரிய வீச்சுக்கு நேரம் வேண்டும். எனவே பந்தை எதிர்கொள்ள அடிக்கோட்டிற்கு வெகுதூரம் பின்னால் நின்றார். எழில் மிகுந்த அடிகளுக்கு வழிசெய்த அதே இடைவெளி, எதிராளிக்கும் களத்தில் கூடுதல் இடமளித்தது. இவரது முன்கை வீச்சு பின்கை அளவிற்கு வலிமையானதன்று. நடால் போன்ற இடக்கை ஆட்டக்காரர்கள் உயரே துள்ளும் பந்துகளை இவரது பின்கைப் பக்கமே அனுப்பி, தோளுக்கு மேல் அடிக்கும்படி நெருக்கினர்.

பிற்காலம்

2013 யூ.எஸ். ஓப்பனிலும் 2015 விம்பிள்டனிலும் கஸ்கே மீண்டும் அரையிறுதி கண்டார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஜூலியன் பென்னெத்தோவுடன் இரட்டையர் வெண்கலமும், 2017இல் பிரெஞ்சு அணியுடன் டேவிஸ் கோப்பையும் பெற்றார். மொத்தம் 16 ஒற்றையர் பட்டங்கள் வென்ற இவருக்குக் கிராண்ட் சிலாம் ஒற்றையர் இறுதியாட்டம் வாய்க்கவில்லை. 2025 பிரெஞ்சு ஓப்பனில், தமது 38ஆம் வயதில், முதற்சுற்றில் இளம் பிரெஞ்சு வீரர் தெரான்ஸ் அத்மானை வென்று, இரண்டாம் சுற்றில் அப்போதைய முதல்நிலை ஆட்டக்காரர் யானிக் சின்னரிடம் தோற்று ஓய்வு பெற்றார்.