பிழையைத் திருத்திய நான்கு எழுத்துகள்



டி.என்.ஏ.யில் உள்ளதை ஆர்.என்.ஏ. அப்படியே பிரதி எடுக்கும், அதன்படி புரதம் உருவாகும் என்றுதான் உயர்தர வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். 1986இல் ஒரு சின்னஞ்சிறு உயிரி இந்தப் பாடத்துக்கு விதிவிலக்குக் காட்டியது.

ஆபிரிக்காவில் தூக்க நோயை உண்டாக்கும் ட்ரிப்பனோசோம் ஒருகல உயிரி. அதன் இழைமணியில் உள்ள ஒரு பரம்பரையலகில் பிழை இருந்தது. அப்படியே வாசித்தால் முறையான புரதம் வராது. ஆனாலும் உயிரி வாழ்ந்தது. எப்படி?

நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாமில் ரொப் பென்னேயும் சகாக்களும் ஆர்.என்.ஏ.யை வாசித்துப் பார்த்தார்கள். டி.என்.ஏ.யில் இல்லாத நான்கு 'யூ' எழுத்துகள் அதில் இருந்தன. ஆய்வுகூடத் தவறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. பிரதி எடுக்கும்போதோ எடுத்த பிறகோ உயிரியே அதைத் திருத்துகிறது என்றார்கள்.

1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொரு ஆர்.என்.ஏ.யில் பாதிக்கு மேல் இப்படிப் பின்னர் சேர்க்கப்பட்டவை எனக் கண்டார்கள். எங்கே சேர்ப்பது என்று சொல்வது யார்? 1990இல் லரி சிம்ப்சன் குழு விடை தந்தது: சிறிய 'வழிகாட்டி ஆர்.என்.ஏ.'க்கள்.

அவர்கள் ஆராய்ந்தது பல்லியினத்தில் வாழும் ஒரு லீஷ்மேனியா. அதன் உறவுக்கார உயிரிதான் நம் நாட்டில் மணல் ஈ மூலம் தோல் நோயைப் பரப்புகிறது. இவ்வகைத் திருத்தம் மனிதரில் இல்லை. ஆகவே புதிய மருந்து தேடுவோர் இதையே குறிவைக்கிறார்கள்.

உறவுகளே, வலியில்லாத புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் அலட்சியம் வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள்.